காரைக்குடி வாசிப்புப் பயிற்சி: ஞாயிற்றுக்கிழமைக்காகப் போங்கள், பெட்டியை வாங்காதீர்கள்

நர்சரி, பிரைமரி டீச்சர்களுக்குப் ‘பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி’ என்று காரைக்குடியில் ஒரு மையம் சனி ஞாயிறில் பயிற்சி நடத்துகிறது. பள்ளிக்கூட வாசல்களில் எல்லாம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள் போல, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கமிருந்து ஆளாளுக்குப் போன் போட்டு ‘அக்கா, நீங்க போனீங்களாமே, பணம் கட்டலாமா’ என்று கேட்கிறார்கள், தனித்தனியாக வாய்ஸ் அனுப்பி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். குறையும் சொல்லப் போகிறேன், உள்ளூரில் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டுமே. கட்டணம் 1,800 ரூபாய், சாப்பாடு உட்பட. சனிக்கிழமை சுமார். ஞாயிற்றுக்கிழமை கட்டிய பணத்துக்கு மேலேயே பெறும். கடைசியில் தலையில் கட்டப் பார்க்கிற எழுத்து அட்டைப் பெட்டி, அதாவது எழுத்து அட்டைகள் அடங்கிய பெட்டி, தண்டம்.

காசு கொடுத்து இப்படி ஒரு பயிற்சிக்கு எதற்குப் போக வேண்டும் என்று அரசுப் பள்ளியில் இருக்கிற தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன, 2022-ல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து வட்டார வள மையத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்ற பயிற்சி நூலும் கையில் கொடுத்துவிடுகிறார்கள், வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களும் வந்துவிட்டன. நம்மை மாதிரி சின்னத் தனியார் பள்ளியில் இருப்பவர்களை யார் கூப்பிடுகிறார்கள்? பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்த பெண்ணை ஜூன் மாதம் நேராக ஒன்றாம் வகுப்பில் தள்ளிவிடுகிறோம், அவளும் தான் படித்தபோது டீச்சர் என்ன செய்தாரோ அதையே செய்கிறாள்: சார்ட்டை மாட்டு, குச்சியை வை, எல்லாரும் சேர்ந்து கத்து. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் கிராமப்புற வீடுகளுக்குப் போய் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து எடுத்த அசர் (ASER) கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம், சரி, ஆனால் எல்லாவற்றையும் கொரோனா தலையில் போட்டுவிட முடியாது என்று வகுப்பில் நிற்கிற யாருக்கும் தெரியும்.

இடம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செக்காலை ரோடு பக்கம் ஒரு பழைய செட்டியார் வீடு. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, செல்பி எடுக்க ஏற்ற இடம். ஆனால் வளவில் நாற்பது டீச்சர்கள் சேர்ந்து ‘ஸ்ஸ்ஸ்’, ‘ப்’, ‘ட்’ என்று ஒலி எழுப்பினால் நாலு பக்கத் தாழ்வாரமும் சேர்ந்து திருப்பி அனுப்புகிறது, பக்கத்தில் இருப்பவர் சொன்னது ‘ப்’பா ‘ட்’டா என்றே தெரியவில்லை. ஒலி வேறுபாடு சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்கு ஒலி கேட்காத இடம்! தரையில் ஜமுக்காளம்தான், முட்டிவலி இருப்பவர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறார்கள். நோட்டீஸில் ‘செட்டிநாட்டு மதிய உணவு’ என்று போட்டிருந்தது, வந்தது எலுமிச்சை சாதப் பொட்டலம். சாயங்காலம் கொடுத்த வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் மட்டும் ஊர் மானத்தைக் காப்பாற்றின.

சனிக்கிழமை முழுக்க ஆங்கில ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைக் கூட்டி வாசிக்கிற முறை. எடுத்த தம்பி சுறுசுறுப்பானவர், குறை சொல்ல முடியாது. ஏ, பி, சி வரிசையில் போகாமல் எஸ் (s), ஏ (a), டி (t), ஐ (i), பி (p), என் (n) என்று ஏன் தொடங்குகிறார்கள் என்பதை அழகாக விளக்கினார், அந்த ஆறு எழுத்து தெரிந்தாலே ‘சிட்’, ‘பின்’, ‘டிப்’, ‘நிப்’ என்று ஒரு கை நிறையச் சொற்களைப் பிள்ளை தானாகக் கூட்டிப் படித்துவிடும். இது நல்ல விஷயம், இதுவரை போனால் போதும். அதற்குப் பிறகு பாட்டு, கையைப் பாம்பாக வளைப்பது, எழுந்து ஆடுவது என்று மதியம் வரை ஓட்டிவிட்டார், எங்களில் பாதிப் பேர் யூடியூபில் ஏற்கெனவே பார்த்ததுதான்.

எனக்கு உறுத்தியது, இதையே அப்படியே தமிழுக்கும் போடுங்கள் என்று அவர் சொன்னது. ஆங்கிலத்தில் ‘எச்’ என்று எழுத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு ‘ஹ’ என்று வாசிக்கிறார்கள், பெயர் ஒன்று ஒலி ஒன்று, அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஃபோனிக்ஸ். நம் ‘ட’வுக்குப் பெயரே ‘ட’தான். நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வேறு. அந்த இடம் எது என்று சனிக்கிழமை யாரும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மா சொன்னார்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பெயர் வேண்டாம், பருத்திப் புடவை, மைக் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவராம், பெண்களெல்லாம் சைக்கிள் பழகிய அதே அறிவொளி. கல் உடைக்கிற பெண்களுக்கு ராத்திரியில் அரிக்கேன் வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்த ஆள் என்பதால் பேச்சில் பூச்சு இல்லை. முதல் கேள்வியே, ‘தமிழ்ல எத்தனை எழுத்து?’ எல்லாரும் கோரஸாக 247 என்றோம். ‘அப்ப ஒரு பிள்ளை 247 படம் மனப்பாடம் பண்ணனுமா?’ என்றார். பதில் இல்லை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், மிச்சம் 216-ம் கூட்டு எழுத்து, அதில் பெரும்பகுதி துணைக்கால், கொம்பு மாதிரி ஒரு கையளவு குறிகளை வைத்துத்தான் ஓடுகிறது, குறியைப் பிடித்துவிட்டால் வரிசை தானாக வரும், உகர ஊகார வரிசை மட்டும்தான் கு, சு, து, பு, று என்று இஷ்டத்துக்கு வளையும், அதைத் தனியாக, மெதுவாக, சொல்லோடு சேர்த்துக் கொடுங்கள் என்றார். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் துணைக்காலையும் மட்டும் போர்டில் எழுதி படம், பட்டம், மடம், பாடம், மாடம், மாமா, பாப்பா என்று அடுக்கியபோது, க, ங, ச என்று வரிசையாகப் போய் ‘ங’வில் வண்டியை நிறுத்துகிற நம் பழக்கம் எவ்வளவு வீண் என்று எனக்கே பட்டது.

அப்புறம் தெருவிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள். இதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அரைப் பக்கக் கதை, ‘கோழி’ என்ற முதல் சொல்லிலேயே நின்றான். ‘கே... ஆ... ழி’ என்றான். நாங்கள் நாலைந்து பேர் ‘கோழிடா தம்பி’ என்று எடுத்துக் கொடுக்கப் போனோம், அந்த அம்மா கையை உயர்த்தி அடக்கிவிட்டார். பையன் சொன்னதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டார், சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு கோடு, தப்பாக வாசித்ததற்கு அவன் வாயில் வந்தது என்னவோ அது. அவன் போன பிறகு விளக்கினார்: அவனுக்கு எழுத்து தெரியாமல் இல்லை, இரட்டைக்கொம்பும் க-வும் சேர்ந்தால் ‘கே’ என்று சரியாகத்தான் படித்தான், பின்னால் வருகிற துணைக்கால் முன்னால் இருக்கிற கொம்போடு சேர்ந்த ஒரே குறி என்பது மட்டும் அவனுக்கு யாரும் காட்டவில்லை. ஒகர ஓகார வரிசைக்கு ஒரு வாரம் உழைத்தால் அவன் ஓடிவிடுவான், அவனைப் போய் ‘அ’விலிருந்து திரும்ப எழுது என்று உட்கார வைக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் முடிச்சு என்று பார்க்காமல் வகுப்பு முழுவதையும் கத்த வைப்பதில் என்ன பயன் என்று அவர் கேட்டபோது, அவ்வளவு நேரம் எதிரொலித்துக்கொண்டிருந்த வளவில் ஒரு சத்தம் இல்லை.

(இடையில் ஒரு சுவையான தகவல்: எ, ஏ-க்கும் ஒ, ஓ-க்கும் இன்றுள்ள வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது வீரமாமுனிவர், அதற்கு முன் குறிலுக்குப் புள்ளிதான். ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த பழைய வடிவத்தை விட்டது 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணையில். எங்கள் அப்பத்தா கல்யாணத்து முறைச்சிட்டையை (முறை எழுதி வைத்த பழைய சீட்டு) என் பெண் வாசிக்கத் திணறியது இதனால்தான்.)

அடுத்து ஒரு பெண் பிள்ளை. கடகடவென்று வாசித்தாள், நாங்கள் கைதட்டவே தட்டிவிட்டோம். ‘கோழி எங்கம்மா போச்சு?’ என்று அந்த அம்மா கேட்டார். முழித்தாள். திரும்ப வாசித்தாள், இன்னும் வேகமாக. விடை தெரியவில்லை. போர்டில் ஒரு பெருக்கல் எழுதினார்: எழுத்தைக் கூட்டத் தெரிவது, பெருக்கல் குறி, கேட்டுப் புரிகிற மொழி. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு பேர் சொன்னதாம், இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். பையனுக்கு முதலாவது குறை, பெண்ணுக்கு இரண்டாவது. நம் பிள்ளைக்கு வீட்டில் ‘ஒக்காரு’, புத்தகத்தில் ‘உட்காருங்கள்’, வீட்டில் ‘தேங்கா’, புத்தகத்தில் ‘தேங்காய்’. அந்தப் புத்தகத் தமிழ் காதில் விழாமலே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. தினமும் பத்து நிமிஷம் டீச்சர் கதை வாசித்துக் காட்டினால் போதும், அதற்குக் கேள்வி பதிலும் வேண்டாம், எழுத்து வேலையும் வேண்டாம் என்றார். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, படிநிலை போட்டு, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பெட்டி. 2,400 ரூபாய். ஞாயிறு சாயங்காலம், எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கிற நேரமாகப் பார்த்துத் திறக்கிறார்கள். உள்ளே லேமினேட் பண்ணிய 247 அட்டை, ஆமாம், காலையில் எதை வேண்டாம் என்றாரோ அதேதான், அந்த அம்மா அதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ‘இ’ அட்டையில் இக்ளூ படம். இட்லியும் இடியாப்பமும் இருக்கிற ஊரில் பனிக்கட்டி வீடு! ‘ஆ’வுக்கு ஆப்பிள். எழுத்துரு வேறு அலங்கார எழுத்துரு, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் தெரிய அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்தக் கோழிப் பையன் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆவான்? நான் வாங்கவில்லை. நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றனவே, தடி அட்டை, பின்பக்கம் வெள்ளை, அதை வெட்டி ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதினால் வேலை முடிந்தது.

சான்றிதழில் ‘சர்வதேச’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சம்பளம் ஏறும் என்று நினைத்துப் போகாதீர்கள், கரஸ்பாண்டன்ட் பிரேம் போட்டு ஆபீஸில் மாட்டுவதற்கு உதவும். பயிற்சிக்குப் பிறகும் வழிகாட்டுவோம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், அதில் இப்போது குட்மார்னிங் ரோஜாப்பூவும் பெட்டித் தள்ளுபடியும்தான் வருகிறது, ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை வாசிப்பதை ஆடியோவாகப் போட்டுக் கேட்டால் அந்த அம்மா மட்டும் ராத்திரிக்குள் பதில் வாய்ஸ் போட்டுவிடுகிறார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆங்கில வகுப்பு எடுக்கிறவர்களுக்கு சனியும் உதவலாம், தமிழ் டீச்சர்கள் ஞாயிறு மட்டும் வருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள், ஆயிரம் ரூபாய்க்கு ஒத்துக்கொண்டதாக தேவகோட்டைக்காரர் ஒருவர் சொன்னார். பணம் கட்டும் முன்னால் ஞாயிறு வகுப்பை யார் எடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அந்த அம்மா இல்லாத பேட்ச் என்றால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள், கழிவறை ஒன்றே ஒன்றுதான், இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முந்திக்கொண்டு எழுந்துவிடுங்கள்.