வெளிநாட்டு மருமகளின் விசா: ஊரிலேயே நீட்டிப்பதா, போன இடத்தில் வாங்குவதா, ஓசிஐ அட்டையா?

என் மனைவி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவள். துபாயில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவள் ஊரான இலோய்லோவில் தேவாலயத்தில் கல்யாணம் முடிந்தது. இப்போது பாளையங்கோட்டையில் என் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவை அவள் 'அத்தை' என்று கூப்பிடும் அழகைக் கேட்கவே பக்கத்து வீட்டு மைனி காரணமில்லாமல் சீனி கடன் கேட்டு வருவாள்.

அவள் இங்கே இருப்பது எக்ஸ் விசாவில். பெயர் என்ட்ரி விசா. இந்தியக் குடிமகனின் கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கொடுப்பது அதில் எக்ஸ்-2 என்ற பிரிவு. போன வருஷம் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்த அன்று அந்த விசாவில் இன்னும் 37 நாள் மிச்சம் இருந்தது. "போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்று டிக்கெட் போட்டோம். அவள் அங்கே இருக்கும்போதே விசா தீர்ந்துபோனது. என் வீட்டில் நடந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

அப்போது நான் தேடியது 'வெளிநாட்டில் இருந்தபடியே விசாவை நீட்டிப்பது எப்படி' என்று. அப்படி ஒன்று கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாலு நாள் ஆனது. நீட்டிப்பு என்பது நாட்டுக்குள் இருப்பவருக்குக் கொடுக்கும் அனுமதி. வெளியே போய்விட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் புதிதாக ஒரு விசாதான் வாங்க வேண்டும். ஆகவே நம் முன்னால் இருப்பவை இவைதான்: கிளம்பும் முன் ஊரிலேயே நீட்டிப்பு, போன இடத்தில் புது எக்ஸ் விசா, இரண்டுக்கும் முடிவு கட்டும் ஓசிஐ அட்டை (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா, வெளிநாட்டுக் குடியுரிமையோடேயே ஆயுளுக்கும் இங்கே இருக்க விடும் அட்டை). இதெல்லாம் வேண்டாம், டூரிஸ்ட் விசாவில் வந்துவிடலாம் என்று ஒரு குறுக்கு வழியும் கண்ணில் படும். அதற்கும் வருகிறேன்.

கிளம்பும் முன் நீட்டிப்பது

இது 2018-லிருந்து வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளம் வழியாக நடக்கிறது. அதற்கு முன்பு கையில் கோப்போடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். இப்போது பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ், நம்முடைய அடையாள ஆவணம், 'இவர் என் மனைவி, என் வீட்டில் என்னோடு இருக்கிறார், பொறுப்பு என்னுடையது' என்கிற கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். அனுமதி மின்னஞ்சலில் பி.டி.எஃப். ஆக வரும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இதில் இடறும் கல் முகவரிச் சான்று. எங்கள் வீட்டு கரண்ட் பில் இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. தாத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் பாதி வீடுகளில் கதை இதுதான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியாமல் பட்டா ஒருவர் பெயர், தீர்வை ஒருவர் பெயர், கரண்ட் பில் சாமியிடம் போனவர் பெயர். வள்ளியூரில் இருக்கும் என் நண்பன் (அவன் மனைவி ஜெர்மன்காரி) ஒரு வழி சொன்னான்: தன் அப்பா பெயரில் தீர்வை ரசீது, தனக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவைக் காட்ட ஸ்மார்ட் கார்டு, கூடவே அப்பாவின் கடிதம். அவனுக்கு அது நடந்தது. நடக்காவிட்டால் கரண்ட் பில்லைப் பெயர் மாற்றிவிட வேண்டியதுதான், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

அப்புறம் விசாரணைக்கு ஒருவர் வருவார். வந்தவர் முதலில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் போய் "அந்த வெளிநாட்டுப் பொண்ணு இங்கதான் இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தார். அண்ணாச்சி, "இங்கதான் இருக்கு, கருப்பட்டிதான் கேக்கும், சீனி வாங்காது" என்று சாட்சி சொன்னாராம். இதைவிட உறுதியான முகவரிச் சான்று எந்த அலுவலகத்தில் கிடைக்கும்?

இந்த வழியின் பலம், பதிவு தொடர்ச்சியாக இருப்பது. ஏற்கெனவே பதிவு செய்த அதே ஆள், அதே முகவரி, அதே கோப்பு. பலவீனம் நேரம். இத்தனை நாளில் வந்துவிடும் என்று நம்பி டிக்கெட் போட முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவு வருமுன் விமானம் ஏறுவதும் சரிப்படாது. உள்ளே இருப்பவருக்கான அனுமதியைக் கேட்டுவிட்டு வெளியே போய் நிற்பதுபோல் ஆகும். விசா தீர இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடியும் தேதியைத் தாண்டி நீட்டிப்பு வராது. கிடைத்த பி.டி.எஃப்.ஐ இரண்டு பிரதி அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது போர்டிங் பாஸ் கொடுக்கும் இடத்தில் நிற்பவர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியைத்தான் முதலில் பார்ப்பார்.

போன இடத்தில் புது எக்ஸ் விசா

எங்களுக்கு வாய்த்தது இதுதான். இணையத்தில் விசா விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, கல்யாணச் சான்றிதழோடும் என் பாஸ்போர்ட் நகலோடும் என் கடிதத்தோடும் மணிலா தூதரகத்தில் கொடுக்க வேண்டும். இலோய்லோ வேறு தீவு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை விட்டுவிட்டு அவள் இரண்டு முறை மணிலாவுக்கு விமானம் ஏறினாள். கையில் விசா வர 19 நாள் ஆனது. எத்தனை வருஷத்துக்குத் தருவது என்பது தூதரகத்தின் முடிவு. ஐந்து வருஷம் வரை தரலாம். எங்களுக்கு ஒரு வருஷம் வந்தது.

இரண்டு விஷயம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, இந்திய விசாவின் ஆயுள் கொடுத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், இந்தியாவில் கால் வைத்த தேதியிலிருந்து அல்ல. அவள் தாயோடு இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்ததில் அந்த ஒரு மாதம் காற்றில் போனது. இரண்டு, புது விசாவில் வந்தால் பதிவும் புதிது. 180 நாளுக்கு மேல் தங்குகிற விசா என்றால் வந்து இறங்கிய 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதாவது மறுபடியும் தாத்தா பெயர் கரண்ட் பில், மறுபடியும் கடிதம், மறுபடியும் அண்ணாச்சி. வீட்டில் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தையும் (சி ஃபார்ம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்) வந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நாலு பழைய சட்டங்களுக்குப் பதிலாக ஒரே குடியேற்றச் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. படிவங்களின் பெயரெல்லாம் இனி மாறும், வேலை மாறாது.

சொந்த நாட்டுக்குப் போகாமல், வழியில் மூன்றாவது நாட்டில் விசா வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே குடியிருப்பு அனுமதி இல்லாதவர் என்றால் சொந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுப் பதில் வரும்வரை விண்ணப்பம் காத்துக்கிடக்கும். சுற்றுலா போன இடத்தில் ஓட்டல் வாடகை கொடுத்துக்கொண்டு அதற்குக் காத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்த வழிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நாலைந்து மாதம் சொந்த ஊரில் இருக்கப் போகிறவளுக்கு, அதுவும் தூதரகம் இருக்கும் ஊரிலேயே வீடு இருந்தால், இதுதான் சௌகரியம். அவசரமில்லாமல் கொடுத்துவிட்டு அவசரமில்லாமல் வாங்கலாம். நண்பனின் மனைவி இரண்டாம் முறை இப்படித்தான் செய்தாள். எங்களுக்கு வலித்தது வழியின் குற்றத்தால் இல்லை, நாங்கள் மாட்டிக்கொண்ட நேரத்தால்.

இலவசமாக வரும் வினை

2025 ஆகஸ்ட்டில் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு இந்தியா கட்டணமில்லாத இ-டூரிஸ்ட் விசா அறிவித்தது. "சும்மா குடுக்கான், அதுல வரச் சொல்லுலே" என்று சித்தப்பா சொன்னார். வரலாம். வந்தபின்தான் வினை. இ-டூரிஸ்ட் விசாவை நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது என்று அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது. கெடு முடிந்ததும் மறுபடி வெளியே போய் எக்ஸ் விசாவுக்கு நிற்க வேண்டும். அதைவிட, டூரிஸ்ட் விசாவில் இருப்பவர் இந்தியாவுக்குள் இருந்து ஓசிஐக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இலவசம் என்று வாங்கி முன்வாசலையே அடைத்துக்கொள்வது இது. மாமியார் வீட்டுக் கோயில் கொடைக்கு வந்து பத்து நாளில் திரும்புகிறவர்களுக்குச் சரி.

ஓசிஐ

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். ஆயுளுக்கும் செல்லும் விசா, பதிவு வேண்டாம், நீட்டிப்பு வேண்டாம். இந்தியாவுக்குள் விண்ணப்பித்தால் 15,000 ரூபாய், வெளிநாட்டில் என்றால் 275 டாலர். இரண்டையும் மாற்றுக்கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே போடுவது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு கேட்பது இது: கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் இரண்டு வருஷம் இடைவிடாமல் நீடித்திருக்க வேண்டும், அதோடு பாதுகாப்பு ஒப்புதலும் வர வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் கோட்டை விடுவது முதல் சொல்லில்தான். வள்ளியூர் நண்பன் திருச்செந்தூரில் தாலி கட்டினான். பதிவை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டு, பதினாலு மாதம் கழித்துத்தான் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தான். அந்தச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் வேறு. அவன் இரண்டு வருஷத்தை முருகன் சன்னிதியிலிருந்து எண்ணினான். அதிகாரி எண்ணியது பதிவாளர் அலுவலகத்திலிருந்து. எங்களுடையது வெளிநாட்டுக் கல்யாணம் என்பதால் அந்த நாட்டுச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்பதற்கான முத்திரை) வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் 2019-லிருந்து இருப்பதால் அது சுலபமாக முடிந்தது.

நேர்காணலுக்குச் சென்னை போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஒரு இட்லியைத் தின்றுவிட்டு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போனோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். மாமியார் பெயரைக் கேட்டபோது அவள் 'அத்தை' என்றாள். பெயர் வேண்டும் என்றார்கள். ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொன்னாள்.

இதில் முடியாதவையும் உண்டு. ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாக எழுதி வாங்கவும் முடியாது. அம்மா தன் பங்குக்கு வந்த பத்து மரக்கால் விதைப்பாட்டு வயலை மருமகள் பெயருக்கு எழுதுவேன் என்று ஆசைப்பட்டாள், நான் பேச்சை மாற்றினேன். 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி மதப் பணி, பத்திரிகை வேலை, ஆராய்ச்சி இவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். மிஷனரிகளாக 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸும் 1841-ல் இடையன்குடிக்குப் போன கால்டுவெல்லும் இன்று வந்தால் இந்தப் படிவத்தைத்தான் நிரப்பியிருப்பார்கள். மனைவி என்ற முறையில் வாங்கியவர்கள் ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகலையும், கல்யாணம் இன்னும் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனால் அட்டையும் போகும்.

பெரிய சங்கடம் காத்திருப்பு. நாங்கள் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. அதுவரை எக்ஸ் விசா உயிரோடு இருந்தாக வேண்டும். ஓசிஐ போட்டாச்சே என்று நீட்டிப்பை மறந்தால் கெடு தாண்டித் தங்கிய குற்றம், அபராதம், வெளியேறத் தனி அனுமதி என்று இழுக்கும். ஓசிஐயை எக்ஸ் விசாவுக்கு மாற்று என்று நினைத்துத்தான் நானும் ஒப்பிடத் தொடங்கினேன். அட்டை கைக்கு வரும்வரை இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி: விசா முடிவது ஏப்ரல் 11. கிறிஸ்துமஸுக்கு அவள் இலோய்லோ போகிறாள், திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர் வழியாக. திரும்பும் டிக்கெட் ஜனவரி 6. பிப்ரவரி முதல் வாரம் நீட்டிப்பு விண்ணப்பம். கரண்ட் பில்லைப் போன மாதம் அம்மா பெயருக்கு மாற்றியாச்சு.