சிவப்புப் பொட்டாசா, வெள்ளைப் பொட்டாசா: இரண்டு மண்ணில் கரும்புக்குப் போட்டுப் பார்த்த கணக்கு

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எனக்கு இரண்டு பரப்பில் (16 பரப்பு ஒரு ஏக்கர்) கரும்பு நிற்கிறது. ஆலைக்குப் போகிற கரும்பில்லை, தைப்பொங்கலுக்கு விற்கிறது. போன வருடம் ஒரு பரப்புக்குச் சிவப்புப் பொட்டாசும் மற்றதுக்கு வெள்ளைப் பொட்டாசும் போட்டேன். ஊருக்குத் திரும்பி வருவதற்கு முன் 11 வருடம் மொனராகலைப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அங்கே அமில மண், இங்கே சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற செம்மண். ஒரே சிவப்புப் பை இந்த இரண்டு மண்ணிலும் இரண்டு விதமாக நடந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு என்று நாங்கள் சொல்வது எம்.ஓ.பி., அதாவது பொட்டாசியம் குளோரைட்டு. இதில் பொட்டாசு 60 சதவீதம். உரப் பைகளில் பொட்டாசை K2O (பொட்டாசியம் ஒட்சைட்டு) என்ற கணக்கில்தான் எழுதுவார்கள், அதனால் கீழே வருகிற கிலோக்களைக் கூட்டினால் பையின் எடையைத் தாண்டும். 50 கிலோப் பையில் 30 கிலோ பொட்டாசு, கூடவே 23 கிலோவுக்குக் கிட்ட குளோரைட்டும் வந்து சேரும். வெள்ளை என்பது எஸ்.ஓ.பி., பொட்டாசியம் சல்பேற்று. அதில் 50 சதவீதம்தான், பைக்கு 25 கிலோ. ஆனால் குளோரைட்டுத் தொல்லை இல்லை, 9 கிலோவுக்குக் கிட்ட கந்தகமும் கிடைக்கிறது. நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எம்.ஓ.பி.யிலும் வெள்ளை நிறம் உண்டு. சிவப்புக்குக் காரணம் அதிலுள்ள கொஞ்ச இரும்புதான். ஆகவே பையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

விலையைக் கேட்டால் வெள்ளைதான் கூட. எங்கள் கடையில் கிலோவுக்கு இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்தது. நான் கேட்டதும் கடைக்காரத் தம்பிக்கு ஆச்சரியம்.

"அண்ணை, உந்த வெள்ளையை வாங்கி என்ன செய்யப்போறியள்? கரும்புக்குச் சிவப்புக் காணும்தானே?"

"காணும் தம்பி. என்ர கிணத்துத் தண்ணிக்குத்தான் காணாது" என்றேன்.

தண்ணீர்க் கதைக்குப் பிறகு வருகிறேன். வாங்கி வந்த அன்றே இரண்டையும் வாளியில் கரைத்துப் பார்த்தேன். 10 லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோ சிவப்பு, நாலைந்து தரம் தடியால் கலக்க முன்னமே காணாமல் போய்விட்டது. தொட்டால் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேலே செம்மஞ்சள் நுரை போல ஒரு படை, அடியில் விரலில் ஒட்டுகிற சிவப்பு மண்டி. மண்டியைக் கண்டு கலப்படம் என்று பயப்பட வேண்டாம், அந்த இரும்புதான் அது. கரையாமல் மணலோ கல்லோ தங்கினால் மட்டும் யோசியுங்கள். வெள்ளை லேசில் கரையவில்லை. அரை மணித்தியாலம் விட்டுவிட்டுக் கலக்கியும் அடியில் மாவு போலக் கொஞ்சம் கிடந்தது. ஒரு லீற்றரில் 110 கிராம் அளவுதான் அது கரையும். சிவப்பு 300 கிராமுக்கு மேல் கரையும். சொட்டு நீரில் விட நினைப்பவர்கள் வெள்ளையை முதல் நாள் இரவே ஊறவைத்து, வடித்துத்தான் விட வேண்டும்.

இனி அமில மண். மொனராகலையில் எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு துண்டு நிலத்தில் மண் பரிசோதனை பி.எச். 4.8 காட்டியது, அதாவது கடும் அமிலம். மழை நல்லாகப் பெய்கிற இடம். கரும்பு உயரமாக வரும், ஆனால் தண்டு பென்சில் போல. கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் மஞ்சளாகி, பிறகு நெருப்புப் பட்டதுபோல் பழுப்பாகிவிடும். இலையைப் பிடித்து நடு நரம்பின் மேற்பக்கத்தைப் பார்த்தால் அங்கங்கே சிவப்புத் திட்டு. இளம் இலைகள் பச்சையாகவே நிற்கும். பொட்டாசு குறைந்தால் கரும்பு கீழ் இலையில் இருந்து உருவி மேல் இலைக்குக் கொடுக்கும், அதனால்தான் இப்படி. நோய் என்று நினைத்து மருந்தடித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த நிலத்துக்கு ஒவ்வொரு வருடமும் சிவப்புப் பொட்டாசு போட்டுக்கொண்டுதான் இருந்தோம். நடும்போது சாலில் ஒரே தடவையாக முழு அளவும். பலன் இல்லை. காரணம் பின்னர்தான் விளங்கியது. அப்படிப்பட்ட மண்ணில் பொட்டாசைப் பிடித்து வைக்கிற இடங்களே கொஞ்சம். இருக்கிற இடங்களையும் அலுமினியம் பிடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் கொட்டுகிற பொட்டாசு இடமில்லாமல் நின்று, முதல் பெருமழையோடு வேருக்குக் கீழே போய்விடும். அது மட்டுமா, ஒரே இடத்தில் அதிகம் கொட்டினால் கொஞ்ச அலுமினியத்தைத் தள்ளி மண் நீரில் விட்டுவிடும், வேர் நுனி கருகும். கரணைக்கு (நடுகிற கரும்புத் துண்டு) பக்கத்தில் உப்பு நெருக்கமாக விழுந்தால் முளையும் பிந்தும். அதற்காகப் பொட்டாசு மண்ணை அமிலமாக்குகிறது என்று சொல்ல வரவில்லை. அந்த வேலையைச் செய்வது யூரியாவும் அமோனியம் சல்பேற்றும்தான்.

பிறகு அதே நிலத்தில் இரண்டு விடயத்தை மட்டும் மாற்றினோம். நடுவதற்கு இரண்டு மாதம் முன் ஹெக்டேயருக்கு 2 தொன் டொலமைட்டுத் தூளை (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்) கொத்திக் கலந்தோம். பொட்டாசை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கரணையில் படாமல் ஒரு சாண் தள்ளியும், மீதியை மூன்றாம் மாதம் மண் அணைக்கும்போதும் கொடுத்தோம். பை அதே சிவப்புப் பை, அளவும் அதே அளவு. அந்த முறைக் கரும்பை வெட்டும்போது கத்தி வைத்த கைக்கே வித்தியாசம் தெரிந்தது. வெட்டிய கட்டையில் இருந்து திரும்ப வந்த மறுதாம்பிலும் கீழ் இலை ஓரம் கருகவில்லை. டொலமைட்டு அலுமினியத்தை அடக்கி இடத்தைத் திறந்துவிட்டது, கல்சியமும் மக்னீசியமும் கொடுத்தது. பொட்டாசு அதிகம் போட்டால் மக்னீசியம் எடுபடுவது குறையும் என்பதால் அது அங்கே மிகவும் தேவைப்பட்டது.

ஆகவே அமில மண்ணுக்கு என் தெரிவு சிவப்புத்தான். வெள்ளைக்குக் கொடுக்கிற மேலதிகக் காசை டொலமைட்டுக்குக் கொடுங்கள். மழை கழுவிப் போகிற இடத்தில் குளோரைட்டும் தங்காது. ஆலைக் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கரும்பு பொட்டாசைத் தேவைக்கு மேலும் உறிஞ்சும். கடைசி மாதங்களில் அள்ளிப் போட்டால் சாற்றில் சாம்பல் கூடும், சீனி கட்டியாகாமல் பாகிலேயே நின்றுவிடும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு நான் ஒரு பிடியும் போட்டதில்லை. வெட்டிய பிறகு சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, எரிக்காமல் விட்டாலே கணிசமான பொட்டாசு மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது.

சரி, நீர்வேலிக்கு வருவோம். இங்கே அமிலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்ணில் கல்சியம் தாராளம், அது வேரில் பொட்டாசோடு போட்டி போடும். கிணற்றுத் தண்ணீர் மாசி, பங்குனியில் நல்லாக இருக்கும், ஆனி, ஆடியில் வாயில் வைத்தால் உவர்க்கும். அந்தத் தண்ணீரை இறைத்து இறைத்து ஏற்கெனவே உப்புச் சேர்கிற நிலத்தில் பைக்கு 23 கிலோ குளோரைட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பா புகையிலைக்குச் சிவப்புப் பொட்டாசைத் தொடவே விடமாட்டார். குளோரைட்டு ஏறிய இலை சுருட்டில் ஒழுங்காக எரியாது. கரும்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் உவர் உவர்தான்.

ஹெக்டேயருக்கு 120 கிலோ பொட்டாசு என்ற கணக்கில் ஒரு பரப்புக்கு 5 கிலோ சிவப்பு, மற்றப் பரப்புக்கு 6 கிலோ வெள்ளை. இரண்டும் இரண்டு தடவையாக. வைகாசி வரை வித்தியாசம் சொல்ல முடியாது. ஆடியில் சிவப்புப் போட்ட பக்கம் இலை நுனி ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்தது. வெள்ளைப் பக்கமும் காய்ந்தது, ஆனால் நகக்கண் அளவு. ஐப்பசி மழை விழுந்ததும் இரண்டும் ஒரே பச்சை. மார்கழிக் கடைசியில் வெட்டி நூறு நூறாக நிறுத்தேன். சிவப்பு 158 கிலோ, வெள்ளை 167 கிலோ. ஒரு வருடக் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணு இடைவெளி வெள்ளைப் பக்கம் நீளம், பொங்கல் கரும்பு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். 6 கிலோவுக்குக் கொடுத்த மேலதிகக் காசு நாலைந்து கட்டிலேயே வந்துவிட்டது. கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக இருந்தால் இந்தச் செலவு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிற என் வாழைக்கு நான் இப்போதும் சிவப்புத்தான் போடுகிறேன், மாரிக்குச் சற்று முன். மழை குளோரைட்டைக் கழுவிவிடும், பொட்டாசைக் களி பிடித்துக்கொள்ளும்.

சிவப்பில் எனக்கு மனக்குறை ஒன்று உண்டு, அது வைத்துப் பாதுகாப்பது. முன்பு வேறொரு கடையில் வாங்கிய பையைத் தராசில் வைத்தால் 47 கிலோ. தையலில் ஈரம், அவிழ்த்தால் உலக்கையால் இடிக்க வேண்டிய கட்டி. கேட்டதுக்கு "மாரியில அப்பிடித்தான்" என்றார்கள். ஈரக் காற்றில் சிவப்பு தண்ணீர் இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் எடை குறைந்ததுக்கு மாரி பொறுப்பில்லை. அந்தப் படிக்கு நான் திரும்ப ஏறவில்லை. இப்போது வாங்குகிற கடையில் பையைப் பலகையில் அடுக்கி, சில்லறையாகக் கேட்டாலும் நம் முன்னால் நிறுத்துத் தருகிறார்கள். வெள்ளை ஒரு மாரி முழுக்கக் கட்டிய சாக்கில் கிடந்தும் உதிரியாகவே இருந்தது.

சாம்பலைப் பற்றியும் கேட்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டில் பூவரசங்குழை தாட்டு, அடுப்புச் சாம்பலும் போட்டுத்தான் தோட்டம் செய்தோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பலர் மறுபடியும் சாம்பலைத் தேடினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்திய பிறகும் பை வாங்கக் கூடிய விலையில் இல்லை. பொட்டாசு முழுவதும் இறக்குமதிதானே. விறகுச் சாம்பல் அமில மண்ணுக்கு அருமையான பொருள், பொட்டாசும் கொடுக்கும், அமிலத்தையும் குறைக்கும். எங்கள் செம்மண்ணுக்கு அந்த இரண்டாவது குணம் தேவையில்லை, அதனால் கையளவோடு நிறுத்திக்கொள்கிறேன். உமிச் சாம்பலில் பொட்டாசு சொற்பம், அதை நம்பி இருக்க வேண்டாம்.

வருகிற மாசி நடுகைக்கு இரண்டு பரப்புக்கும் சேர்த்து 12 கிலோ வெள்ளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். தம்பி இந்தத் தடவை ஏன் என்று கேட்கவில்லை. தன் தகப்பனின் புத்தூர்த் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து என் கையில் தந்தான், ருசி பார்க்கச் சொல்லி.