ரத்து என்று அவளுக்குச் சொல்ல இந்தச் செயலி யார்?

நான் வைத்திருக்கும் பகிர்வு காலண்டர் செயலியின் ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீடாமங்கலத்து நண்பன் கேட்டான்: "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே, வாங்கலாமாடா?" அவனுக்கும் ஓயாத வேலை. ஒரு பெண்ணோடு பழக ஆரம்பித்திருக்கிறான், நேரம் கிடைக்காமல் தவிக்கிறான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எத்தனை பேர் சேரலாம், எத்தனை நிறம் வைக்கலாம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மன்னார்குடியைச் சுற்றி நெல் அறுவடை இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். குறுவை, சம்பா என்ற இரண்டு நெல் பருவத்து அறுவடையும் வந்துவிட்டால் போன் ஓயாது. சேற்று வயலில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி நின்றுபோனால் ஓட்டுகிறவருக்கு மணிக்கணக்கில் வாடகை போகும், விவசாயிக்கு உயிரே போகும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் முற்றிய சம்பா சாய்ந்து நனைந்ததை யாரும் மறக்கவில்லை. தை, மாசியில் வானம் லேசாக மூடினாலே எல்லோருக்கும் அன்றைக்கே அறுத்தாக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு தராதவரை கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். "தம்பி, எட்டு மா கெடக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று பெரியவர் ஒருவர் கேட்கும்போது, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல வாய் வராது. சொல்லவும் கூடாது.

நான் பழகும் பெண் திருவாரூரில் செவிலியர். மூன்று ஷிப்ட், மாறி மாறி வரும். மன்னார்குடி மதிலழகு, திருவாரூர்த் தேரழகு என்பார்கள். அந்த இரண்டு ஊருக்கும் பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தூரம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கை ஓய வேண்டும், அதுதான் கிடைக்காது.

செயலி செய்த நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேலை ஒரு நிறம், அவள் ஷிப்ட் ஒரு நிறம், நண்பர்களுக்கு ஒரு நிறம் என்று போட்டு வைத்தோம். தை மாதம் முழுவதையும் ஒரே திரையில் விரித்துப் பார்த்தபோது, பகலும் இரவும் நிறைந்து கிடந்தன. ஆனால் விடியலிலிருந்து ஒன்பது மணி வரை, என் வேலை நிறத்தில் நாள் தவறாமல் ஒரு வெள்ளைப் பட்டை. காரணம் பனி. கதிர் நனைந்திருக்கும்போது வண்டியை இறக்கினால் வைக்கோல் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல்லும் சரியாக உதிராது. வெயில் ஏறிப் பனி காயும்வரை டெல்டாவில் யாரும் அறுக்க மாட்டார்கள். இத்தனை வருடம் அந்த வேலையிலேயே இருந்தும், அது என்னுடைய நேரம் என்று எனக்குத் தோன்றியதில்லை. நைட் டியூட்டி முடிந்து அவள் வெளியே வருவதும் அந்த வேளைதான்.

அப்புறம் எங்கள் சந்திப்பெல்லாம் காலையில்தான். திருவாரூர்க் கோயில் குளமான கமலாலயத்தின் கரையைச் சுற்றி நடப்போம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று பரப்பளவு சொல்லும் ஊர், ஒரு சுற்று வருவதற்குள் நிறையப் பேசிவிடலாம். இதில் இன்னொரு நன்மை. மாலையில் இரண்டு பேர் குளத்துப் படியில் உட்கார்ந்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரணை வரும். அதே இருவர் காலையில் நடந்தால் நடைப்பயிற்சி! இந்தப் பக்கத்து ஊர்களில் பழகுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்காக மட்டும் இந்தச் செயலிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நண்பர்கள் விஷயத்தில் அது அவ்வளவாக உதவவில்லை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அவர்கள் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். எனக்கு வேலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். 2024இல் மேட்டூர் அணையைத் தாமதமாக, ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் குறுவையை விட்டுவிட்டார்கள், பம்ப்செட் உள்ளவர்கள்தான் அறுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எல்லோரையும் பார்த்தேன், ஆசை தீரப் பேசினேன். ஆனால் நான் சும்மா இருக்கிறேன் என்றால் யாரோ நடவில்லை என்று அர்த்தம், அது உறுத்திக்கொண்டே இருந்தது.

2025இல் ஜூன் 12ஆம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். குறுவை நன்றாக விளைந்தது, அறுவடை நெருக்கத்தில் அக்டோபர் 20 தீபாவளி. கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் குவிந்து கிடந்தது, மேலே மழை. அந்த வாரத்தில்தான் இந்தச் செயலி மேல் எனக்கு ஆத்திரம் முற்றியது.

விஷயம் இதுதான். அலுவலக அட்டவணையை இதோடு இணைத்தால், புதிய சர்வீஸ் அழைப்பு தானாகவே வந்து உட்காரும். அந்த நேரத்தில் சொந்த விஷயம் ஏதாவது இருந்தால், என்னைக் கேட்காமலே அதை நீக்கிவிட்டு, "ரத்து செய்யப்பட்டது" என்று அவளுக்குச் செய்தியும் அனுப்பிவிடும். காலை ஐந்தரைக்கு ஒரு வண்டியின் பேரிங் போய்விட்டது என்று அழைப்பு வரும். ஏழு மணிச் சந்திப்பு ரத்து! எப்படியும் பத்து மணி வரை அந்த வயலில் அறுக்க முடியாது, நான் எட்டரைக்குக் கிளம்பினாலே போதும் என்பது எனக்குத் தெரியும், அந்த டிரைவருக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது. இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டு லாக்கரிலிருந்து போனை எடுக்கிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஒற்றை வரி. என் குரல் அவளை எட்டுவதற்குள் அவள் பேருந்து ஏறியிருப்பாள். "நீங்க வரலைன்னா நீங்க சொல்லுங்க, அது ஏன் சொல்லுது?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதை நிறுத்த ஒரே வழி அலுவலக இணைப்பைத் துண்டிப்பது. துண்டித்தால் அந்த வெள்ளைப் பட்டையும் தெரியாது. வேலைக்கும் மனிதருக்கும் மோதல் வந்தால் வேலைதான் ஜெயிக்க வேண்டும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்து, மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பலமுறை எழுதிக் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற பதில்தான் வந்தது.

சரி, வாங்கலாமா? விலை பாதியானாலும் நான் புதுப்பிக்கப் போவதில்லை. தை முடிவில் சந்தா தீர்கிறது. பனி எப்போது காயும் என்று எனக்குத் தெரியும். அவள் ஷிப்ட் பட்டியலை வாராவாரம் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். வர முடியாவிட்டால் நானே போன் செய்வேன். அவள் எடுக்கவில்லை என்றால் வார்டு எண்ணுக்குக் கூப்பிட்டாவது சொல்லிவிடுவேன். பங்குனி ஆயில்யத்தில் திருவாரூர் ஆழித்தேர் பார்க்க அவளோடு நிற்க வேண்டும் என்று ஆசை. அதை எந்தச் செயலியிலும் குறித்து வைக்கவில்லை. என் மேலாளரிடமும் இரண்டு டிரைவர்களிடமும் இப்போதே சொல்லிவிட்டேன்.