மாதிரி ரயில் தடமாற்றிக்கு எது ஏற்றது: சோலனாய்டா, மெதுவாக நகரும் மோட்டாரா?

ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தடமாற்றியை அசைக்க இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டேன். சோலனாய்டு என்பது மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள் (காயில்). எதை வாங்குவது என்று தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விலை: சோலனாய்டு மலிவு. மோட்டார் கூடுதல்.

சுவிட்ச்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சோலனாய்டுக்குக் கணநேர மின்வீச்சு போதும். கை எடுத்ததும் திரும்பிவிடும் பட்டன்தான் வேண்டும். அந்தப் பட்டன் சிக்கிக்கொண்டால் காயில் கருகிவிடும். என் முதல் காயில் அப்படித்தான் போனது. கழற்றிப் பார்த்தபோது பிளாஸ்டிக் உறை உருகி வளைந்திருந்தது. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைத் தேக்கி ஒரே வீச்சில் விடும் சுற்றை இடையில் வைத்தால் இந்த ஆபத்து இல்லை.

மோட்டாரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். முனையை எட்டி நின்ற பிறகும் அது இழுப்பது சுமார் 20 மில்லியாம்பியர்தான். துருவத்தை மாற்றும் டாகிள் சுவிட்ச் போதும். அதன் பிடி சாய்ந்திருக்கும் பக்கமே தடத்தைக் காட்டிவிடும்.

அசைவு: சோலனாய்டு ‘டக்’கென்று அடிக்கும். மோட்டார் ஓரிரு விநாடி எடுத்து, நிஜத் தண்டவாளம் போல் நகர்த்தும். அழகு அதில்தான்!

இடம்: மோட்டாருக்குப் பலகையின் அடியில் நல்ல உயரம் வேண்டும்.

தடமாற்றிகள் நெருங்கியிருக்கும் யார்டுக்கு (பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் இடம்), கெப்பாசிட்டர் சுற்றுடன் சோலனாய்டு. கண்ணுக்கு எதிரே இருக்கும் முதன்மைப் பாதைக்குத் தயங்காமல் மோட்டார்.