1,840 டாலர் போச்சு: ஃபர்னஸ் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுமுன் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அழுக்கு அடைத்திருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை 1,840 டாலர். ஹை எஃபிஷியன்ஸி ஃபர்னஸ் (கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தில் கேஸை மிச்சப்படுத்தும் வகை) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி. வெளியே மைனஸ் 19. வீடு சில்லிட ஆரம்பித்தது. பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பார்த்தால், உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுற்றுகிறது, குடத்தைக் குலுக்கினாற்போல் 'களக் களக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நெருப்பு பற்றவே இல்லை. கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விளக்கு மூன்று முறை மினுக்குகிறது, நிற்கிறது, மறுபடி மூன்று முறை மினுக்குகிறது. என்ன கோளாறு என்பதை ஃபர்னஸே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்று போனில் இருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. 24 மணி நேரமும் ஆள் வரும், எல்லாரும் சோதித்து எடுக்கப்பட்டவர்கள் என்று போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் ஒருவன் வந்தான்.

வந்தவன் வாசலிலேயே ஷூவுக்கு உறை மாட்டினான். சோபாவில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்த என் அம்மாவைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்கும் குளிர் ஆகாது, இந்த வீட்டை இப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இண்ட்யூஸர் மோட்டார் (புகையை இழுத்து வெளியே தள்ளும் மோட்டார்) போய்விட்டது, அது கண்ட்ரோல் போர்டையும் (ஃபர்னஸை இயக்கும் மின்பலகை) சேர்த்து எரித்துவிட்டது, இரண்டுமே வண்டியில் இருக்கின்றன, உங்கள் நல்ல நேரம் என்றான். தண்ணீர் சத்தம் கேட்டதே என்று கேட்டேன். பேரிங் தேய்ந்தால் அப்படித்தான் சத்தம் வருமாம். சரி என்றேன். தொழில் தெரிந்தவன் சொல்கிறான், அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

மோட்டாரைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் தரையில் கொட்டியது. பழுப்பு நிறம். பையிலிருந்து தன் துண்டையே எடுத்து மண்டி போட்டுத் துடைத்தான். அந்தத் துண்டைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் நம்பினேன். மோட்டாருக்குள் தண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. "நீங்கள் மேலே போய் அம்மாவைப் பாருங்கள், போர்டை நான் மாற்றிக்கொள்கிறேன்" என்றான். போனேன்.

ஒன்றரை மணிக்குச் சூடு வந்தது. கார்டைத் தேய்த்தேன். 1,840 டாலர். கையெடுத்துக் கும்பிடாத குறையாக வழியனுப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி அதே களக் களக், அதே மூன்று மினுக்கல்.

செயலியின் சாட்டில் முதலில் வந்தவர் மிகவும் வருந்தினார், ஒரு புகார் எண் கொடுத்தார். இரண்டாவதாக வந்தவருக்கு அந்த எண்ணே தெரியவில்லை, கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்றாமவர், டெக்னீஷியன் எங்கள் ஊழியர் இல்லை, நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்து வைக்கிறோம் என்றார். அப்படியானால் என் பணம் உங்கள் கணக்குக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியாக ஒரு மின்னஞ்சல்: மாற்றிய பாகங்களுக்கு 90 நாள் வாரண்டி உண்டு, பாகங்கள் நன்றாக இருக்கின்றன, தண்ணீர் வடிவது வீட்டுக்காரரின் பராமரிப்புப் பொறுப்பு. அதாவது கோளாறு தண்ணீரில்தான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! அந்த ஆளோ முதல் தடவை 'இதோ வருகிறேன்' என்றான், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

திங்கள்கிழமை அத்தான் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார். முப்பது வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தத்தைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். "தம்பி, இந்த மோட்டாரை எதுக்கு மாத்தினீங்க?"

கீழே இருந்த டப்பாவைக் கழற்றினார். அதற்கு ட்ராப் என்று பெயர், கை கழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்து போகும் குழாய் செய்யும் வேலைதான். குழாயடியில் பிடித்து அமுக்கினார். கறுப்பாக, கொழகொழவென்று, விரல் நீளத்துக்கு ஒரு கட்டி வழுக்கி விழுந்தது. என் 1,840 டாலர் அதுதான்.

கேஸ் எரிந்தால் நீராவியும் வரும். பழைய ஃபர்னஸில் அது புகையோடு புகையாக வெளியே போய்விடும். இந்த வகையில் அந்த நீராவியைக் குளிர வைத்து, அதிலிருக்கும் சூட்டையும் பிழிந்துகொள்கிறார்கள். திறன் 90 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருப்பது அதனால்தான். புகை அவ்வளவு ஆறிப்போவதால்தான் வெளியே போகும் குழாய்கூட பிவிசியாக இருக்கிறது. ஆனால் நீராவி தண்ணீரானால் அது வடிய வழி வேண்டும் அல்லவா? கடும் குளிரில் ஒரு நாளைக்குப் பல லிட்டர், அதுவும் லேசான அமிலத் தண்ணீர். ட்ராப் அடைத்தால் அது மேலேறி இண்ட்யூஸருக்குள் நிற்கும். இழுவை குறையும். அந்த இழுவை இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் ஸ்விட்ச் மூடாது, அதாவது அதில் மின்சாரம் பாயாது. ஸ்விட்ச் மூடாவிட்டால் போர்டு கேஸைத் திறக்காது. மூன்று மினுக்கலுக்கு அர்த்தம் இதுதான், கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையிலேயே இருக்கிறது. மோட்டாரைக் கழற்றியபோது தண்ணீர் கொட்டிவிட்டதால் மூன்று நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றும் காட்டினார். புகைக்குழாய் ஃபர்னஸ் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். எங்கள் வீட்டில் குழாயைத் தாங்கும் ஒரு பட்டை அறுந்து, நடுவில் தொப்பை விழுந்து, அங்கேயும் தண்ணீர் தேங்கியிருந்தது.

அப்புறம் கண்ட்ரோல் போர்டு. பெரியவர் டார்ச் அடித்தார். போர்டின் விளிம்பெல்லாம் பல வருடத் தூசி, ஸ்க்ரூத் தலைகளில்கூடத் தூசி கலையவில்லை. மாற்றவே இல்லை! நான் மேலே போயிருந்தேனே. மோட்டாராவது புதுசு, தேவையில்லாத புதுசு. பழையதை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அது நன்றாகத்தான் ஓடியிருக்கும் என்கிறார் பெரியவர்.

மொத்தம் 25 நிமிட வேலை. வேண்டாம் என்றவர் கையில் 60 டாலரைத் திணித்தேன். அங்கே 1,840, இங்கே 60.

பத்து விஷயம் சொல்கிறேன் என்றேன். இப்போது வாயில் வருவதை மட்டும் சொல்கிறேன். ஆளைக் கூப்பிடுமுன் மினுக்கலை எண்ணி அட்டவணையைப் பாருங்கள். வெளியே போய் காற்று உள்ளே வரும் குழாய், புகை வெளியே போகும் குழாய் இரண்டின் வாயையும் பாருங்கள், பனி, இலை, குருவிக்கூடு எதுவும் அடைத்திருக்கலாம். தண்ணீர் சத்தம் கேட்டால் ட்ராப்பைக் காட்டச் சொல்லுங்கள். கழுவி மாட்டும்போது அதில் தண்ணீர் ஊற்றித்தான் மாட்ட வேண்டும். கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள், வேலை முடியும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள்.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஞாயிறு ராத்திரி அந்த ஆள் கடைசியாக ஒரு மெசேஜ் அனுப்பினான்: பிரஷர் ஸ்விட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள், ஓடும். அதைக் காட்டியதும் பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது. புகை வெளியே போகாவிட்டால் கேஸை நிறுத்துவதற்கென்றே இருக்கும் ஸ்விட்ச் அது. "செஞ்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல், தானே குனிந்து வயர்களை இழுத்துப் பார்த்தார்.