தோள்பட்டை வலியா? எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆபரேஷன் என்றால் உஷார்

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இடது தோளில் வலி வந்து, தலை பின்னக்கூட கை மேலே போகாமல் ஆனது. மதுரையில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஜாக்கெட் போட்டுவிடும்போது நான் பிடித்துத் திருப்பினாலும் கை அசைவதில்லை என்று அங்கே சொன்னேன். டாக்டர் காதில் வாங்கவில்லை, கையைத் தொட்டும் பார்க்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

"ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கும்மா. கீஹோல்ல தைச்சிடலாம். விட்டா தேய்மானம் ஆகி மூட்டையே மாத்தணும்." ஜவ்வு என்றால் தசையை எலும்போடு பிடிக்கும் நார்; கீஹோல் என்றால் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. டாக்டரின் அடுத்த கேள்வி, இன்சூரன்ஸ் இருக்கா? அதே வாரம் ஆபரேஷன் முடிந்தது. 6 வாரம் கையைத் தூளியில் போட்டார்கள். அவிழ்த்தபோது முன்பு தூக்கிய அளவுகூடத் தூக்க முடியவில்லை. "நீங்க பிசியோ சரியா பண்ணல" என்று நம் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஒரு எலும்பு மருத்துவர், முதலில் இருந்தே என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டார். ஜவ்வு கிழிந்திருந்தால் நோயாளி தானாகத் தூக்கச் சிரமப்படுவார், ஆனால் அடுத்தவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் கை போகும். யார் திருப்பினாலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் மூட்டைச் சுற்றிய உறை இறுகியிருக்கிறது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர். சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம். பயிற்சி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி (சில நாள் சர்க்கரை ஏறும், கவனம்) என்றுதான் தொடங்குவார்கள். குணமாக 1 முதல் 3 வருடம்கூட ஆகலாம். அதற்கும் மசியாதபோது உறையைத் தளர்த்த ஒரு ஆபரேஷன் உண்டு, அது தையல் இல்லை. இந்த வயதில் பாதிக் கிழிசல், வலியே இல்லாதவர்கள் ஸ்கேனிலும் தெரியும் என்றார்.

விழுந்து அடிபட்டுத் திடீரென்று கை தூக்க முடியாமல் போனால் கதை வேறு. முழுக் கிழிசலைத் தள்ளிப்போடக் கூடாது. மூட்டு நிஜமாகவே தேய்ந்து, தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் மூட்டு மாற்று ஆபரேஷனும் நியாயம்தான்.

அந்தத் தனியார் மருத்துவமனை பில்லில் தோள் எலும்பைச் சீவியதற்குத் தனிக் கட்டணம் வேறு. அப்படிச் சீவுவதையும், கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து எடுத்துவிடுவதையும் இங்கிலாந்தில் ஒப்பிட்டு, பலனில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஜவ்வை எலும்போடு பிடிக்கும் ஆங்கர், பில்லில் 3. ஆபரேஷன் குறிப்பில் 1!

ஆங்கர் பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. வாயால் கேட்டபோது எங்களை அலையவிட்டவர்கள், எழுதிக் கொடுத்ததும் தந்துவிட்டார்கள். அதை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சுகாதாரத் துறை இணை இயக்குநர் (ஜே.டி.) அலுவலகத்துக்கும் புகார் போயிருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு 2 வருட கெடு, அதற்கும் வக்கீலைப் பார்த்தாகிவிட்டது.