நெடுந்தீவுக்கு எந்த நாட்டு வழி சரிவரும்?

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஏழரை மணிக்கு யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பாருங்கள். நயினாதீவுப் படகுக்கு ஒரு வரிசை, நெடுந்தீவுப் படகுக்கு இன்னொன்று. தெற்கிலிருந்து இரவிரவாக பஸ்ஸில் வந்த யாத்திரிகர்கள், கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தீவு காட்டக் கூட்டிவந்த சித்தப்பாமார், வாடகை வானில் வந்திறங்கிய கம்பஸ் பெடியள். கையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல். வெள்ளைக்காரர் என்று தேடினால் இரண்டு மூன்று பேர் அகப்படுவார்கள்.

அயல்நாடுகளின் சுற்றுலாக் கொள்கைகளை ஒப்பிடும்போது இந்த வரிசையை மறக்கக்கூடாது. மறந்தால் நேரே பூட்டானுக்குப் போய்விடுவோம். நிலைபேறான சுற்றுலா என்று யாராவது பேச எழும்பினால் இரண்டாவது நிமிடத்தில் பூட்டான் வந்துவிடுகிறது.

பூட்டான் 1974இல் வெளிநாட்டவருக்குக் கதவு திறந்தது. நெடுங்காலம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 முதல் 250 டொலர் வரை கட்டாயப் பொதிக் கட்டணம். அதற்குள்ளேயே 65 டொலர் அரசுக்கு. 2022 செப்ரெம்பரில் பொதியை எடுத்துவிட்டு, அரசுக்கு மட்டும் நாளொன்றுக்கு 200 டொலர் என்றார்கள். தங்குமிடமும் சாப்பாடும் அதற்கு மேல். கொரோனாவில் ஏற்கெனவே படுத்திருந்த தொழில் எழும்பவில்லை. அடுத்த செப்ரெம்பரிலேயே கட்டணத்தை 100 டொலராக இறக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்று: இந்தியருக்கு அந்தக் கட்டணம் நாளுக்கு 1,200 இந்திய ரூபாய்தான். கொரோனாவுக்கு முன்னர் பூட்டானுக்குப் போனவர்களில் பெரும்பாலானோரும் இந்தியர்கள்தான். அதாவது அந்தப் புகழ்பெற்ற வேலி தூரத்து ஆளுக்கு உயரம், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாழ்வு. எங்களிடம் வருவதோ முக்கால்வாசியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். நெடுந்தீவில் பிறந்த தாயின் மகன் கனடாப் பாஸ்போட்டோடு வந்தால் அவரை எந்த வரிசையில் விடுவது? இந்தக் கேள்விக்குப் பூட்டானில் பதில் கிடையாது.

மாலைதீவு எங்களுக்கு இன்னும் கிட்ட. தூரத்தால் மட்டுமல்ல, தண்ணீராலும்.

சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். நல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளைத் திருவிழாக் காலத்தில் வாடகைக்கு விடுகிறோம். சாதாரண நாளில் காலையில் ஒருதரம் மோட்டர் போட்டால் தாங்கி நிரம்பும், அது போதும். திருவிழா இருபத்தைந்து நாளும் மூன்று தரம் போட வேண்டும். தேர் முடியும்போது தேநீர் சுவை மாறிவிடும். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "கிணறு உவர் தட்டிட்டுது" என்பா. அறைவாடகைக் கணக்குக் கொப்பியில் அதற்கு ஒரு நிரல் கிடையாது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாகக் கிடக்கிறது. மேலே அதிகம் இறைத்தால் கீழே இருப்பது ஏறும். மாலைதீவின் ஒவ்வொரு தீவுக்கும் இதே கதைதான். நெடுந்தீவுக்கும் இதேதான்.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1972இல் தொடங்கிய காலத்திலிருந்து, சனம் இல்லாத தீவொன்றை எடுத்து ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை. விடுதிக்காரரே கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும், மின்சாரம் எடுக்க வேண்டும், கழிவைப் பார்க்க வேண்டும். சுமை தெளிவாக ஒருவர் தலையில். ஆனால் ஊர்ச்சனத்துக்கும் விருந்தாளிக்கும் நடுவே கடல். ஊரவர் அந்த விடுதிக்குள் போவதென்றால் வேலைக்குத்தான். 2009ஐ ஒட்டி, மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த வழிவிட்டார்கள். காசு ஊருக்குள் வந்தது, குப்பையும் வந்தது. மாஃபுஷி என்ற தீவில் இன்று வீட்டுக்கு வீடு விடுதி.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2015இல் பசுமை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெரிய விடுதியில் தங்குபவருக்கு ஓர் இரவுக்கு 6 டொலர், அடுத்த வருடம் விருந்தினர் இல்லத்துக்கும் 3 டொலர். 2025 ஜனவரியிலிருந்து இரண்டும் இரட்டிப்பு. அந்தக் காசு தனி நிதியத்துக்குப் போய், தீவுகளின் கழிவுநீர், குடிநீர், குப்பை வேலைகளுக்குச் செலவாக வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாலே குப்பையைக் கொட்டி ஒரு தீவையே வளர்த்தவர்கள் அவர்கள், திலஃபுஷி என்று பெயர். ஆனாலும் என் இரண்டு அறைக்கு இந்தக் கணக்குப் பொருந்துகிறது. தங்குகிறவர் எத்தனை இரவு என்பதைப் பொறுத்துத் தண்ணீருக்கு ஒரு காசு.

எங்கள் நாட்டு முறை என்ன? சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த நிறுவனங்களின் மொத்த வருமானத்தில் 1 வீதம் அறவிடப்படுகிறது. அது 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டம் அமைத்த நிதியத்துக்கு, அதாவது கொழும்புக்குப் போகும். வரி சின்னது, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் காசு திரும்பி எந்தக் கிணற்றடிக்கு வரும் என்று சட்டம் சொல்லவில்லை. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்கினார்கள், குதிரைகளுக்காக. நல்லது. தீவின் பிரதேச சபைக்குக் குப்பை அள்ள உழவு இயந்திரத்துக்கு டீசல் யார் அடிப்பது என்ற கேள்வி அதோடு தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நேபாளம் எங்களை வெட்கப்பட வைக்கும். அங்கே தேசியப் பூங்காக்களின் வருமானத்தில் 30 முதல் 50 வீதம் வரை சுற்றியுள்ள ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அன்னபூர்ணாப் பகுதியில் 1986இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் நுழைவுக் கட்டணத்தை அங்கேயே செலவழிக்கிறது. மலைப்பாதையில் சில ஊர்களில் குடிநீர் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரைத் தாய்மார் குழுக்கள் சொற்ப காசுக்குப் போத்தலில் நிரப்பி விடுகிறார்கள். புதுப் போத்தல் வாங்க வேண்டாம், சுமக்க வேண்டாம், எறியவும் வேண்டாம்.

கேரளத்தின் கதை வேறு. 2008இல் குமரகம் உட்பட நான்கு இடங்களில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கினார்கள். அங்கே அரசு வரி கேட்கவில்லை, கொள்முதல் கேட்டது. விடுதிகள் மரக்கறி, முட்டை, மீன், தேங்காய் எல்லாவற்றையும் ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் வாங்க வேண்டும். விலையையும் தரத்தையும் பார்க்கத் தனிக் குழுக்கள். 2017இல் அது மாநிலம் முழுவதுக்குமான இயக்கமானது. அதே குமரகத்தை ஒட்டிய வேம்பநாட்டுக் காயலில் படகுவீடுகள் கழிவு கலப்பது வேறு பிரச்சினை, அதை இந்த முறை தொடவில்லை. எங்களுக்கு இது பாதி சரி. நெடுந்தீவில் தங்கி இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறவர் குறைவு. காலையில் போய், பெருக்கமரத்தடியில் படமெடுத்து, கோட்டையும் குதிரையும் பார்த்து, பிற்பகல் படகுக்கு ஓடி வருகிறவர்கள்தான் மிச்சம். சோற்றையும் யாழ்ப்பாணத்திலிருந்தே கட்டிக்கொண்டு போகிறார்கள். சோறு கட்டும் பிளாஸ்ரிக் தாளான லஞ்ச் சீற்றை 2017இலேயே தடைசெய்தாயிற்று, முருகைக்கல் மதிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தடை தெரியாது.

ஆகவே எனக்கு அதிகம் பாடம் சொன்னது நாடு அல்ல, ஒரு மாவட்டம்: நீலகிரி. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் அங்கே இ-பாஸ் முறை, அதாவது வெளியூர் வாகனம் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுத்துத்தான் வர வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கையும் கட்டினார்கள், வாரநாளில் 6,000 வாகனம், வாரஇறுதியில் 8,000. ஊட்டி வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸில் வருபவருக்கும் பாஸ் வேண்டாம் என்பதுதான் அதில் கெட்டித்தனம். பணக்காரர் ஏழை என்றோ, உள்நாடு வெளிநாடு என்றோ பிரிக்காமல், கூட்டமாய் நிறையும் காரை மட்டும் எண்ணுகிறார்கள்.

அதைவிடச் சின்னதாக ஒன்று. உடைந்த மதுப் போத்தல்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தது. 2022இல் அரசு மதுக்கடைகளில் போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. அபராதம் இல்லை, அறிவுறுத்தல் பலகை இல்லை.

எங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது, படகு என்ற பெயரில். இத்தனை பாதுகாப்பு அங்கிக்கு இத்தனை பேர்தான். ஊட்டிக்கு வாசல் பல. நெடுந்தீவுக்குப் போகிற ஆளுக்குக் குறிகட்டுவான் ஒன்றே வாசல். போத்தலுக்கு வைப்புக்காசு வாங்கி ஓர் ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்ப இதைவிட வசதியான இடம் இலங்கையில் வேறெங்கே இருக்கிறது? யாத்திரிகர், சித்தப்பா, கனடாப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே சட்டம். திரும்பி வராத போத்தலின் காசு தீவின் பிரதேச சபைக்கு. தங்குகிறவருக்கு மாலைதீவு மாதிரி இரவுக்கு ஒரு சிறு காசு, அது நேபாளம் மாதிரி ஊரிலேயே நிற்க வேண்டும். பூட்டானைக் கொஞ்ச நாள் மறந்துவிடலாம்.

போன முறை நெடுந்தீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேநீர் விற்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். கடைக்குப் பின்னால் வெறும் போத்தல்கள் இரண்டு உரப்பை நிறையக் கிடந்தன. கூட்டிக் கூட்டி அவவே கட்டி வைத்தது.

"எவ்வளவு தம்பி வைப்பியள்?"

"போத்தலுக்கு ஐம்பது ரூபாய் எண்டு வையுங்கோவன்."

அவ உரப்பையைத் திரும்பிப் பார்த்தா.

"ஐம்பது எண்டா வாறவை எறிஞ்சாலும் பரவாயில்லை. எங்கட பெடியள் கடலுக்கை குதிச்சாவது எடுத்துக்கொண்டு வந்து தருவாங்கள்."